அயோவா 2008: வட்டம் வட்டமாகக் கட்டிய ஒரு தேர்தல் வேலை

2008 ஜனவரி 3, வியாழக்கிழமை. அமெரிக்காவின் நடுமேற்கில் இருக்கும் அயோவா மாநிலத்தில் உறைய வைக்கும் குளிர். சாயங்காலம் ஆறரை மணி வாக்கில் பள்ளிக்கூட ஜிம், நூலகம், தேவாலயக் கூடம் என்று சுமார் 1,800 இடங்களில், கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டங்களுக்கு மக்கள் வந்து சேர ஆரம்பித்தார்கள். வரிசை வாசலைத் தாண்டி வெளியே நின்றது. ஜனநாயகக் கட்சியின் கூட்டங்களுக்கு மட்டும் அன்று வந்தவர்கள் ஏறக்குறைய 2,39,000 பேர். நான்கு வருஷத்துக்கு முன் இதே கூட்டத்துக்கு வந்தவர்கள் சுமார் 1,24,000 பேர்தான்.

முடிவு எல்லோருக்கும் தெரியும். பராக் ஒபாமாவுக்கு 38 சதவீதம். ஜான் எட்வர்ட்ஸும் ஹிலரி கிளிண்டனும் ஆளுக்கு 30-ஐ ஒட்டி, அதிலும் எட்வர்ட்ஸ் மயிரிழையில் முன்னே. மக்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வெள்ளையர்களாக இருந்த மாநிலத்தில், நாடு தழுவிய கருத்துக்கணிப்புகளில் மாதக்கணக்காகப் பின்தங்கியிருந்த ஒரு கறுப்பின செனட்டர் ஜெயித்தார்.

இந்த வெற்றியைப் பற்றி எழுதியவர்களில் பாதிப் பேர் ஒபாமாவின் பேச்சைச் சொல்வார்கள், மீதிப் பேர் இணையத்தைச் சொல்வார்கள். இரண்டும் பொய்யில்லை. ஆனால் வந்தவர்களில் பாதிக்கு மேல், நுழைவு வாயில் கணிப்பின்படி 57 சதவீதம் பேர், அதற்கு முன் இப்படி ஒரு கூட்டத்துக்குப் போனதே இல்லை. ஜனவரிக் குளிரில், சாப்பாட்டு நேரத்தில், இரண்டு மணி நேரம் நிற்க வேண்டிய ஒரு கட்சிக் கூட்டத்துக்குப் பழக்கமே இல்லாதவர் கிளம்பி வருகிறார் என்றால், அவரை யாரோ நேரில் கேட்டிருக்க வேண்டும். ஒருமுறை கேட்டிருந்தால் போதாது. அந்த "யாரோ" எப்படி உருவானார் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

காகஸ் என்ற விசித்திரமான ஏற்பாடு

இந்தக் கூட்டத்துக்குப் பெயர்தான் காகஸ். அன்றைய அயோவா ஜனநாயகக் கட்சிக் காகஸ் நமக்குத் தெரிந்த வாக்குப்பதிவு மாதிரி இருக்கவில்லை. காலை ஏழு மணியிலிருந்து சாயங்காலம் வரை நமக்குத் தோதான நேரத்தில் போய்ப் பட்டனை அழுத்திவிட்டு வருகிற வேலை இல்லை. மாநிலத்தின் 99 கவுண்டிகளும் (நம் மாவட்டம் மாதிரி) சிறு சிறு வாக்குப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். அவற்றை வட்டங்கள் என்றே இங்கே சொல்கிறேன். ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு கூட்டம், எல்லா இடத்திலும் ஒரே நேரம், மாலை 7 மணி. அதற்குள் வரிசையில் இல்லாவிட்டால் வாக்கு இல்லை. அன்று தபால் வாக்கும் கிடையாது. இரவு ஷிப்ட் வேலை இருப்பவர், கைக்குழந்தையை விட்டுவர ஆளில்லாத தாய், ஐஸ் படிந்த ரோட்டில் கார் ஓட்டப் பயப்படும் முதியவர் எல்லோருக்கும் அது பெரிய தடையாக இருந்தது.

உள்ளே போனால் அன்று ரகசிய வாக்கும் இல்லை. ஒபாமா ஆதரவாளர்கள் இந்த மூலை, கிளிண்டன் ஆதரவாளர்கள் அந்த மூலை என்று அக்கம்பக்கத்தார் பார்க்கப் போய் நிற்க வேண்டியிருந்தது. தலையை எண்ணுவார்கள். பெரும்பாலான வட்டங்களில் வந்தவர்களில் 15 சதவீதமாவது சேராத அணி கலைந்துவிடும். கலைந்தவர்கள் இரண்டாவது விருப்பமாக வேறு அணிக்குப் போகலாம். அரை மணி நேரம் ஒருவரை ஒருவர் இழுப்பதும் பேசுவதுமாக அறை ஒரு சந்தை போல ஆகிவிடும்.

கணக்கு எப்படி வேலை செய்கிறது என்று ஒரு சின்ன உதாரணத்தில் பார்க்கலாம். ஒரு வட்டத்துக்கு 120 பேர் வருகிறார்கள். அந்த வட்டத்துக்கு 6 பிரதிநிதிகள், அதாவது அடுத்த கட்டக் கட்சி மாநாட்டில் தங்கள் வேட்பாளருக்காக நிற்பவர்கள். 15 சதவீதம் என்றால் 18 பேர். 16 பேரோடு நிற்கும் அணி இன்னும் இருவரைப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கலைய வேண்டும். பெரிய அணியில் 49 பேர் இருந்தால், 49-ஐ 6-ஆல் பெருக்கி 120-ஆல் வகுத்தால் 2.45. அது 2 பிரதிநிதி. ஐம்பதாவது ஆள் ஒருவர் அந்தப் பக்கம் வந்து நின்றால் 2.5. மற்ற அணிகளின் கணக்கு ஒத்துவந்தால் அது 3 பிரதிநிதி. ஒரே ஒரு ஆள்! டிவி விளம்பரத்தால் இந்த ஐம்பதாவது ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. அந்தத் தெருவில் குடியிருப்பவரால் முடியும்.

இன்னொன்றும் உண்டு. ஒரு வட்டத்துக்கு எத்தனை பிரதிநிதி என்பது முந்தைய தேர்தல்களில் அங்கே கட்சி வாங்கிய வாக்கை வைத்து முன்கூட்டியே முடிவாகிவிடும். பல்கலைக்கழக ஊரில் ஒரே வட்டத்தில் ஐந்நூறு மாணவர்களைத் திரட்டினாலும் அந்த எண்ணிக்கை ஏறாது. ஆகவே கூட்டம் ஓரிடத்தில் குவிவதால் பயனில்லை. சோளக்காட்டுக்கு நடுவே இருக்கும் சின்ன ஊரிலும் ஆள் வேண்டும்.

ஆரஞ்சுத் தொப்பிகள்

2008-ஐப் புரிந்துகொள்ள 2004-க்குப் போக வேண்டும். வெர்மான்ட் மாநிலத்தின் முன்னாள் ஆளுநர் ஹோவர்ட் டீன் ஈராக் போரை எதிர்த்துக் கிளம்பி, 2003 முழுக்கக் கட்சித் தொண்டர்களின் உற்சாகத்தைத் தன் பக்கம் இழுத்திருந்தார். இணையத்தில் சிறு தொகைகளாகப் பணம் குவிந்தது. ஆட்கள் ஊருக்கு ஊர் நேரில் கூட உதவும் மீட்டப் என்ற இணையதளத்தில் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் அவருக்காகப் பதிவு செய்திருந்தார்கள். அவர்தான் வேட்பாளர் என்றே பலரும் நினைத்தார்கள்.

காகஸுக்கு முந்தைய வாரங்களில் நாட்டின் பல மூலைகளிலிருந்து சுமார் 3,500 தன்னார்வலர்கள் அயோவாவில் வந்து இறங்கினார்கள். தலையில் பளிச்சென்று ஆரஞ்சு நிறக் கம்பளித் தொப்பி. சொந்தச் செலவில் வந்து, கிடைத்த இடத்தில் தூங்கி, பனியில் கதவு கதவாகத் தட்டினார்கள். அந்தப் பிள்ளைகளின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் கதவைத் திறந்த அயோவாக்காரருக்கு முன் நின்றது ஊர் பேர் தெரியாத ஒரு ஆள். எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டால் கலிஃபோர்னியா, டெக்சாஸ் என்று பதில் வந்தது.

அதே கட்சியில் டீனோடு போட்டியிட்ட ஜான் கெர்ரிக்கு ஊர்க்காரர்கள் வேலை செய்தார்கள். அவரோடு வியட்நாம் காலத்தைப் பகிர்ந்த முன்னாள் ராணுவத்தினர், தீயணைப்பு வீரர்களின் சங்கம், பல வருஷமாகக் கட்சி வேலை பார்த்த உள்ளூர் ஆட்கள். முடிவு: கெர்ரி 38, எட்வர்ட்ஸ் 32, டீன் 18 சதவீதம். டீனும் இன்னொரு போட்டியாளரான கெப்ஹார்ட்டும் டிவி விளம்பரத்தில் ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டதும் தோல்விக்கு ஒரு காரணம்தான். இருந்தாலும் 3,500 பேர் இறங்கி வேலை பார்த்தும் மூன்றாம் இடம் என்பது களத்தில் இருந்தவர்களுக்குப் பெரிய பாடமாகிவிட்டது. வெளியூர்க்காரர் எத்தனை பேர் வந்தாலும், உள்ளூர்க்காரர் ஒருவர் "நீங்க வரணும்" என்று கேட்பதற்கு ஈடாகவில்லை.

ஆய்வுகளும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன. ஆலன் கெர்பர், டொனால்ட் கிரீன் என்ற இரு பேராசிரியர்கள் 1998-இல் நியூ ஹேவன் நகரில் ஒரு சோதனை நடத்தினார்கள். வீடு தேடிப் போய் நேரில் பேசியது வாக்களிப்பை நன்றாகவே கூட்டியது, தபாலில் போன அட்டைகள் கொஞ்சம் கூட்டின, கூலிக்கு ஆள் வைத்துப் போட்ட போன் அழைப்புகள் எதுவும் செய்யவில்லை. கட்சிகள் பல வருஷமாகப் போன் கம்பெனிகளுக்குக் கொட்டிக்கொண்டிருந்த பணம் எங்கே போனது என்று அப்போதுதான் பலர் யோசிக்க ஆரம்பித்தார்கள்.

பத்து மாத வேலை

2007 பிப்ரவரி 10 அன்று ஒபாமா தன் போட்டியை அறிவித்தார். அன்றைக்கே அயோவாவுக்குப் பயணம். மாநிலப் பொறுப்பு பால் டீவ்ஸிடம் கொடுக்கப்பட்டது. பிரசார மேலாளர் டேவிட் பிளஃப்பின் திட்டம் எளிமையானது. முதலில் முடிவு சொல்லும் மாநிலம் அயோவா, அங்கே தோற்றால் எல்லாம் முடிந்தது, ஆகவே இருப்பதையெல்லாம் அங்கே போடு. கட்சியின் பழைய ஆட்கள் பலர் ஏற்கெனவே கிளிண்டன் பக்கமோ எட்வர்ட்ஸ் பக்கமோ போயிருந்தார்கள். வழக்கமாகக் காகஸுக்கு வருபவர்களை மட்டும் நம்பினால் ஒபாமாவுக்குக் கணக்கு தேறாது. வராதவர்களைக் கொண்டுவருவது ஒன்றுதான் வழி. "புதியவர்களை நம்பாதே, கடைசி நேரத்தில் வர மாட்டார்கள்" என்பது அயோவாவில் எல்லோரும் சொல்லும் பாலபாடம். டீனுக்கு நடந்ததும் அதுதான்.

அலுவலகச் சுவர்களில் மூன்று சொற்களை எழுதி ஒட்டியிருந்தார்கள். மரியாதை கொடு, பொறுப்பைக் கொடு, சேர்த்துக்கொள். இந்த மூன்றில் நடுவில் இருப்பதுதான் கனமானது என்பது என் எண்ணம். எல்லாக் கட்சியும் தொண்டருக்கு வேலை கொடுக்கும். கொடி கட்டு, நோட்டீஸ் ஒட்டு, கூட்டத்துக்கு ஆள் கூட்டி வா. பொறுப்பு என்பது வேறு. "இந்த வட்டத்தில் நமக்கு 50 பேர் வேண்டும். அது உன் கையில். எப்படி என்று நீயே யோசி, நான் கூட இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, அப்புறம் அதை நிஜமாகவே அவர் கையில் விட வேண்டும். தலைவர்களுக்கு அது லேசில் வராது.

சம்பளம் வாங்கும் களப்பணியாளர்கள் நூற்றுக்கும் மேல் இருந்தார்கள், பெரும்பாலும் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர்கள். அவர்களும் வெளியூர்க்காரர்கள்தான். ஆனால் ஆரஞ்சுத் தொப்பிக்காரர்கள் போலக் கடைசி வாரத்தில் வந்தவர்கள் இல்லை. பலர் 2007 வசந்தத்திலேயே வந்து, ஆதரவாளர் வீட்டில் காலியாக இருந்த அறையில் தங்கி, அதே காபிக்கடைக்குத் தினமும் போய், அதே ஊரில் பத்து மாதம் இருந்தார்கள். அலுவலகங்கள் 30-க்கும் மேல், கட்சி எட்டிப் பார்க்காத சின்ன ஊர்களிலும்.

அவர்களுக்குக் கொடுத்த வேலை நேராக வாக்குக் கேட்பது அல்ல, உள்ளூர்த் தலைவரைக் கண்டுபிடிப்பது. ஒருவரோடு உட்கார்ந்து அரை மணி நேரம் பேசுவார்கள். எதனால் இந்தத் தேர்தல் உங்களுக்கு முக்கியம்? மகன் ஈராக்கில் இருக்கிறானா? மருத்துவக் காப்பீடு இல்லையா? இவர் சொல்லி முடித்ததும் களப்பணியாளர் தன் கதையைச் சொல்வார். அப்புறம் கேட்பார்: அடுத்த செவ்வாய்க்கிழமை உங்கள் வீட்டில் பத்துப் பேரைக் கூப்பிட முடியுமா?

இந்த முறை சும்மா வந்ததில்லை. ஒபாமாவே 1985-லிருந்து மூன்று வருஷம் சிகாகோவின் தென்பகுதியில் குடியிருப்போரைத் திரட்டும் வேலை பார்த்தவர். 2007 கோடையிலிருந்து தன்னார்வலர்களுக்கு நடந்த பயிற்சி முகாம்களின் பின்னால் இருந்த மார்ஷல் கான்ஸ், சீசர் சாவேஸின் விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் 16 வருஷம் வேலை செய்துவிட்டு ஹார்வர்டுக்குப் போனவர். திராட்சைத் தோட்டத் தொழிலாளர்களைச் சங்கத்தில் சேர்க்க வீட்டுக்கூட்டம் போட்ட அதே முறைதான் இங்கே தேர்தலுக்கு வந்தது.

வட்டப் பொறுப்பாளரின் சாயங்காலங்கள்

வீட்டுக்கூட்டத்துக்கு வந்த பத்துப் பேரில் ஒருவர் பொறுப்பாளர் ஆவார். பெரும்பாலும் கட்சியில் ஏற்கெனவே பெயர் பெற்றவராக இருக்க மாட்டார். ஓய்வுபெற்ற ஆசிரியை, நர்ஸ், கடை வைத்திருப்பவர், கல்லூரி மாணவி. அவர் கையில் ஒரு பட்டியல் தரப்படும். வட்டத்தில் இருக்கும் வாக்காளர்களின் பெயர், முகவரி, போன் நம்பர், முன்பு காகஸுக்கு வந்தாரா இல்லையா. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒன்றிலிருந்து ஐந்து வரை ஒரு எண் போட வேண்டும். ஒன்று என்றால் உறுதியான ஆதரவாளர், ஐந்து என்றால் வேலைக்கு ஆகாது, வேறு பக்கம் போய்விட்டார்.

இந்த எண்ணில்தான் எல்லாமே இருக்கிறது. நம் ஊர் அரசியலைப் பார்த்தவர்களுக்கு, பேப்பரில் மட்டும் இருக்கும் பூத் கமிட்டி என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. அங்கேயும் அதே ஆபத்து உண்டு. "பார்க்கலாம், நல்ல ஆளுதான்" என்று சொன்னவரை உற்சாகத்தில் "ஒன்று" என்று எழுதிவிடுவது. ஆகவே ஆதரவாளர் கையெழுத்துப் போட்ட அட்டை இருந்தால்தான் அவர் கணக்கில் வருவார் என்பது வழக்கம். கையெழுத்துப் போட்டவரையும் விட மாட்டார்கள். அடுத்த மாதம் இன்னொரு போன், அதற்கடுத்த மாதம் கதவைத் தட்டுவது, டிசம்பரில் மறுபடி.

டிசம்பரில் கேட்கும் கேள்விகள் மாறிவிடும். ஒபாமாவைப் பற்றியோ ஈராக்கைப் பற்றியோ பேச்சே இருக்காது. அன்றைக்கு வேலை எத்தனை மணிக்கு முடியும்? எந்த ஜிம் என்று தெரியுமா, எந்த வாசல் வழியாக வரணும்? குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்? கார் ஓடாவிட்டால் நான் வந்து கூட்டிப் போகட்டுமா? எதிர்வீட்டு அம்மாவும் வருகிறார், ஒன்றாகவே வந்துவிடுகிறீர்களா? பார்க்கச் சாதாரணக் கேள்விகள். 2008 ஏப்ரலில் பென்சில்வேனியா மாநில முன்தேர்தலில் (கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் சாதாரண வாக்குப்பதிவு) டேவிட் நிக்கர்சன், டாட் ராஜர்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். எத்தனை மணிக்குப் போவீர்கள், எங்கிருந்து கிளம்புவீர்கள், அதற்கு முன் என்ன செய்துகொண்டிருப்பீர்கள் என்று மூன்று கேள்வி கேட்கப்பட்டவர்கள் வாக்களித்த விகிதம் சுமார் 4 புள்ளி கூடியிருந்தது. வீட்டில் ஒரே வாக்காளராக இருந்தவர்களிடம் அது 9 புள்ளிக்கும் மேல். "கட்டாயம் வாங்க" என்று மட்டும் சொல்வதில் அந்தப் பலன் இல்லை. வீட்டில் கூடப் பேச ஆளில்லாதவருக்கு அந்த மூன்று கேள்வியையும் கேட்டவரே துணை ஆகிவிட்டார்.

பொறுப்பாளர்களுக்கு ஒத்திகைக் காகஸ்களும் நடத்தினார்கள். கலைந்த அணியில் யாரை முதலில் அணுக வேண்டும், என்ன பேசக்கூடாது, பிரதிநிதிக் கணக்கை எப்படிப் போட வேண்டும் என்றெல்லாம் பழகினார்கள். எதிரணி ஆட்களைப் பற்றி மட்டமாகப் பேசக்கூடாது என்பது கண்டிப்பான விதி. காரணம் எளிது. ஏழரை மணிக்கு அந்த அணி கலைந்தால், எட்டு மணிக்கு அவர்கள் நம்மோடு வந்து நிற்க வேண்டியவர்கள்.

பள்ளிப் பிள்ளைகள்

நவம்பர் தேர்தலுக்குள் 18 வயது நிரம்பும் 17 வயதுக்காரர்களும் காகஸில் கலந்துகொள்ளலாம் என்பது அயோவா விதி. மற்ற பிரசாரங்கள் இதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஒபாமா தரப்பு உயர்நிலைப் பள்ளிகளில் தனிக் குழுக்கள் அமைத்தது. இது வீண்வேலை என்றுதான் அன்று பலர் சொன்னார்கள். பிள்ளைகள் கூட்டத்துக்கு வருவார்கள், டீ-ஷர்ட் வாங்கிக்கொள்வார்கள், காகஸ் அன்றைக்குக் காணாமல் போவார்கள் என்று.

ஆனால் ஒரு பள்ளி மாணவி சேர்ந்தால் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அந்தப் பேச்சு வருகிறது. அவளைக் கூட்டிப்போக அம்மா கார் எடுக்கிறார், அம்மாவும் உள்ளே வருகிறார். கல்லூரி மாணவர்கள் விஷயத்திலும் இதேதான். காகஸ் ஜனவரி 3-க்கு வைக்கப்பட்டதால் கல்லூரிகள் விடுமுறையில் இருந்தன. இது ஒபாமாவுக்கு இழப்பு என்று கணித்தார்கள். ஊருக்குப் போன பிள்ளைகளோ மாநிலம் முழுக்கச் சிதறியிருந்தார்கள். கல்லூரி ஊரில் ஒரே வட்டத்தில் குவிந்து வீணாகியிருக்க வேண்டிய தலைகள், ஆள் கிடைக்காத சின்ன வட்டங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. அந்த ஐம்பதாவது ஆள் பல ஊர்களில் லீவுக்கு வந்த பையனாக இருந்திருப்பான். 30 வயதுக்குக் குறைந்தவர்களில் 57 சதவீதம் பேர் ஒபாமா பக்கம் நின்றதாக நுழைவுக் கணிப்பு சொன்னது.

காகஸுக்குச் சில நாள் முன் டி மொயின் ரெஜிஸ்டர் பத்திரிகைக்காக ஆன் செல்சர் எடுத்த கணிப்பு ஒபாமாவுக்கு 32, கிளிண்டனுக்கு 25, எட்வர்ட்ஸுக்கு 24 என்றது. வரப்போகிறவர்களில் 60 சதவீதம் புதியவர்கள் என்றும் சொன்னது. மற்ற இரு தரப்பும் இதை ஏற்கவில்லை, இத்தனை புதியவர்கள் ஒருநாளும் வந்ததில்லை என்றார்கள். வந்தார்கள்.

கிளிண்டன் தரப்பைப் பற்றியும் நியாயமாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 2007 மே மாதம், அயோவாவை விட்டுவிடலாம் என்று அவருடைய துணை மேலாளர் எழுதிய குறிப்பு வெளியே கசிந்தது. கிளிண்டன் அதை நிராகரித்து, பிறகு நிறையப் பணமும் நேரமும் போட்டார். அவரிடமும் நல்ல களப்பணியாளர்கள் இருந்தார்கள், அவர்களும் புதியவர்களைத் தேடினார்கள். ஆனால் பழக்கம் பத்து மாதத்தில் வளர்வது, கடைசி இரண்டு மாதத்தில் பணம் கொடுத்து வாங்க முடியாது. அப்புறம் ஈராக் விஷயம். 2002-இல் அவர் போருக்கு ஆதரவாக வாக்களித்தார், ஒபாமா அந்த அக்டோபரில் எதிர்த்துப் பேசினார். இது இல்லாமல் களவேலை மட்டும் ஜெயித்திருக்கும் என்று நான் சொல்லமாட்டேன்.

மற்ற ஊர்களில்

ஐந்தே நாளில் நியூ ஹாம்ப்ஷயரில் ஒபாமா தோற்றார். அங்கே சாதாரண வாக்குப்பதிவு, பழைய கட்சிக்காரர்கள் கிளிண்டனோடு. அயோவா முறை எங்கும் செல்லும் மந்திரமாக இல்லை.

தென் கரோலினாவில் வேறு சிக்கல். கறுப்பின வாக்காளர்கள் பெரும்பங்கு, ஆனால் உள்ளூர்ப் பெரியவர்களுக்கும் சில போதகர்களுக்கும் தேர்தல் நேரத்தில் பணம் கொடுத்து ஆதரவு வாங்கும் பழக்கம் அங்கே நீண்ட காலமாக உண்டு. ஒபாமா தரப்பு கொடுக்க மறுத்தது. பதிலாக முடிதிருத்தும் கடைகளுக்கும் பெண்களின் பியூட்டி பார்லர்களுக்கும் போனார்கள். ஒரு நாற்காலியில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருக்கும் ஆளிடம், அவர் வருஷக்கணக்காக நம்பும் ஒருவர் பேசுகிறார். அதைவிட நல்ல பிரசார மேடை எது? கிரீன்வுட் கவுண்டி கவுன்சில் உறுப்பினர் ஈடித் சைல்ட்ஸ் ஒரு மழைநாளில், இருபது முப்பது பேர் மட்டும் வந்திருந்த கூட்டத்தில் எழுப்பிய "உற்சாகமா இருக்கோம், கிளம்பத் தயாரா இருக்கோம்" என்ற முழக்கம்தான் கடைசியில் நாடு முழுக்கப் போனது. ஜனவரி 26 முடிவு: ஒபாமா 55, கிளிண்டன் 27, எட்வர்ட்ஸ் 18.

இடாஹோ இன்னும் சுவாரஸ்யம். குடியரசுக் கட்சியின் கோட்டை. 2007-லேயே அங்கே உள்ளூர்க்காரர்கள் சிலர் தாமாகக் கூடி ஒபாமாவுக்காக வேலை ஆரம்பித்துவிட்டார்கள், பிரசாரக் குழு பிற்பாடுதான் வந்து சேர்ந்தது. 2008 பிப்ரவரி 5 அன்று போய்சி நகரின் விளையாட்டு அரங்கில் 8,000 பேருக்கு மேல் காகஸுக்கு வந்தார்கள். இடாஹோவில் ஒபாமாவுக்கு 15 பிரதிநிதிகள், கிளிண்டனுக்கு 3. அதே நாளில் பெரிய மாநிலமான நியூ ஜெர்சியை கிளிண்டன் ஜெயித்தார், 59-க்கு 48. அங்கே அவருக்கு லாபம் 11, இங்கே ஒபாமாவுக்கு லாபம் 12. மார்ச் 4 அன்று டெக்சாஸில் பகல் வாக்குப்பதிவில் கிளிண்டன் முந்தினார். அன்றிரவே நடந்த காகஸையும் சேர்த்து எண்ணியபோது ஒபாமாவுக்கு 99 பிரதிநிதிகள், அவருக்கு 94.

பொதுத்தேர்தலில் இந்த முறை அண்டைவீட்டுக் குழுவாக விரிந்தது. ஒரு குழுத் தலைவர், அவருக்குக் கீழே போன் வேலைக்கு ஒருவர், வீடுவீடாகப் போவதற்கு ஒருவர், பட்டியல் பார்க்க ஒருவர். பொறுப்பைக் கொடுப்பதற்கு முன் ஒரு சோதனையும் வைத்தார்கள். வீட்டுக்கூட்டம் ஒன்று நடத்திக் காட்டு, ஒரு சனிக்கிழமை ஆட்களைக் கூட்டிக் கதவு தட்டிக் காட்டு, அப்புறம் பதவி. நவம்பர் 4 அன்று இண்டியானாவை சுமார் 28,000 வாக்கில் ஒபாமா பிடித்தார், 1964-க்குப் பிறகு ஜனநாயகக் கட்சிக்கு முதல்முறை. வட கரோலினாவில் வித்தியாசம் 14,000 சொச்சம், அங்கே 1976-க்குப் பிறகு முதல்முறை.

பிறகு என்ன ஆனது

எனக்கு மனசு வலிக்கிற பகுதி இது. 2009 ஜனவரியில், தேர்தலில் உருவான இந்த வலைப்பின்னல் முழுவதையும் "ஆர்கனைசிங் ஃபார் அமெரிக்கா" என்ற பெயரில் கட்சியின் தேசியக் குழுவுக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். வெள்ளை மாளிகையின் திட்டங்களுக்கு ஆதரவு திரட்டுவது அதன் வேலை. நேற்றுவரை "இந்த வட்டம் உன் கையில்" என்று கேட்டுப் பழகிய பொறுப்பாளருக்கு இப்போது வந்தது, இந்தச் சட்டத்துக்காக உங்கள் எம்.பி.க்குப் போன் போடுங்கள் என்ற மின்னஞ்சல். என்ன செய்ய வேண்டும் என்று மேலே முடிவாகி, கீழே வேலையாக வந்தது. பொறுப்பு மறுபடி வேலையாகச் சுருங்கிவிட்டது.

கட்சித் தலைவராக இருந்தபோது ஹோவர்ட் டீன் ஐம்பது மாநிலங்களிலும் சம்பளத்துக்குக் களப்பணியாளர்களை வைத்திருந்தார். 2004-இன் அடியை வாங்கியவர் கற்ற பாடம் அது. 2008 வெற்றிக்குப் பிறகு அந்த ஏற்பாடும் நின்றது. 2010 ஜனவரியில் மாசசூசெட்ஸில் மறைந்த எட்வர்ட் கென்னடியின் செனட் இடம் போனது, நவம்பரில் கீழவையில் 63 இடங்கள் போயின. அதே நவம்பரில் அயோவா ஆளுநர் பதவியும் போனது.

ஒபாமா 2012-இலும் அயோவாவில் ஜெயித்தார். 2016-இல் டிரம்ப் அங்கே ஒன்பது புள்ளிக்கு மேல் வித்தியாசத்தில் வந்தார். ஒபாமாவுக்கு இரண்டு முறை வாக்களித்துவிட்டு டிரம்ப்புக்கு மாறிய கவுண்டிகள் அயோவாவில் மட்டும் 31, வேறு எந்த மாநிலத்திலும் இத்தனை இல்லை. மினசோட்டா எல்லையோரம் இருக்கும் ஹோவர்ட் கவுண்டி 2012-இல் ஒபாமாவுக்கு 20 புள்ளி கூடுதலாகக் கொடுத்தது, 2016-இல் டிரம்ப்புக்கு 20 புள்ளி கூடுதலாகக் கொடுத்தது. தொழிற்சாலை மூடியது, விவசாய விலை, கலாச்சாரச் சண்டை என்று இதற்குப் பல காரணம் உண்டு. களவேலை நின்றதுதான் காரணம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்தக் காரணங்கள் பற்றியெல்லாம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பேச 2007-இல் ஒரு ஆள் இருந்தார், 2015-இல் பல ஊர்களில் இல்லை.

2020 பிப்ரவரி 3 அன்று அதே ஜிம்களில் மறுபடி காகஸ். முடிவுகளை அனுப்ப ஒரு புது ஆப் கொடுத்திருந்தார்கள். அது சரியாக வேலை செய்யவில்லை. போன் பண்ணினால் லைன் கிடைக்கவில்லை. பொறுப்பாளர்கள் எண்ணி எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு இரவு வெகுநேரம் காத்திருந்தார்கள், முடிவு வர நாள்கணக்கானது. அயோவாவிடமிருந்த முதல் மாநிலம் என்ற இடத்தைக் கட்சி எடுத்துவிட்டது. 2024-இல் ஜனநாயகக் கட்சியினருக்கு விருப்ப அட்டை தபாலில் வந்தது, நிரப்பி தபாலிலேயே திருப்பி அனுப்பினார்கள். இரவு ஷிப்ட்காரருக்கும் கைக்குழந்தை உள்ள தாய்க்கும் அது நிச்சயம் நல்லது. ஜனவரி 15 அன்று வட்டக் கூட்டங்கள் நடந்தன, கட்சியின் உள்வேலைகளைப் பேசினார்கள், யாரும் யாருக்காகவும் மூலையில் போய் நிற்கவில்லை.